தம் கட்டிப் பழகியவர் ஸ்கூபா கற்றபோது: ஒரு பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்தும் ஸ்கூபா பயிற்சிக்கு ஆள் சேரும்போது, நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவரைப் பற்றித்தான் பயிற்றுநர்கள் கவலைப்படுவார்கள். கிணற்றில் குதித்து வளர்ந்தவர் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவரைப் பற்றிய கவலை அத்தோடு தீர்ந்துவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களில் பலர் அப்படி வளர்ந்தவர்கள் என்பதால், எங்கள் பக்கத்தில் இந்த நம்பிக்கை இன்னும் அழுத்தமாக இருக்கிறது. இது ஆபத்தான நம்பிக்கை என்பது என் உறுதியான கருத்து. கிணற்றில் உயிரைக் காக்கும் முதல் பழக்கம் தம் கட்டுவது. சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது உயிரைப் பறிக்கக்கூடிய முதல் பழக்கமும் அதுவே.

ஓசூரில் நீச்சல் குளப் பயிற்சியும் புதுச்சேரியில் கடல் பயிற்சியுமாக நடந்த ஓர் அடிப்படைப் பயிற்சியில் நான் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். அதில் சேர்ந்த ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

காவேரிப்பட்டணத்தை அடுத்த சிற்றூர்க்காரர். வயது நாற்பதைத் தாண்டியவர். பம்ப்செட் மோட்டார் பழுதுபார்ப்பது தொழில். கிணற்றுக்குள் பம்ப் குழாயின் அடிமுனை வால்வான ஃபுட்வால்வு சிக்கிக்கொண்டாலும், பாத்திரமோ நகையோ விழுந்துவிட்டாலும் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கல்லைப் பிடித்துக்கொண்டு அடிவரை போய்த் தேடிவிட்டு வருவார். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்கு முன் கிணற்றிலிருந்து பிள்ளைகளை மேலே கொண்டுவந்திருக்கிறார். சிலரை உயிரோடு கொண்டுவர முடியவில்லை. பயிற்சிக்கு வந்ததற்கான காரணமும் அதுதான். "இன்னும் ஒரு நிமிடம் அடியில் இருக்க முடிந்திருந்தால் அந்தப் பையன் கைக்கு எட்டியிருப்பான் சார்" என்று முதல் நாளே சொன்னார். பொழுதுபோக்குக்காக வருகிறவர்களிடம் இருக்கும் தளர்வு அவரிடம் இல்லை.

கூடவே அவருடைய அக்கா மகளும் சேர்ந்தார். ஓசூரில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண். கிணற்றில் இறங்கியதே இல்லை. வளர்ந்த பிறகு நீச்சல் குளத்தில் கட்டணம் கட்டி நீச்சல் கற்றவர். தொடக்கத் தகுதியான இருநூறு மீட்டர் நீச்சலை அவர் மூச்சு வாங்க வாங்க முடித்தார். மாமாவோ கரையில் நடப்பதுபோல் முடித்துவிட்டு, பத்து நிமிட மிதவையின்போது எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். அன்று மாலை யாரைக் கேட்டிருந்தாலும், இருவரில் யார் சிரமப்படுவார் என்பதற்குத் தவறான பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மருத்துவப் படிவத்தில் காது பற்றிய கேள்விக்கு, இளவயதில் கிணற்றில் ஆழம் போனபோது காதில் கடும் வலியும் ஒருமுறை சீழும் வந்ததாக மாமா எழுதியிருந்தார். கிருஷ்ணகிரியில் காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையைப் பார்த்து, தடையில்லை என்று எழுதிக்கொடுத்த பிறகே தண்ணீரில் இறக்கினோம். வலி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவதே கிணற்றுப் பழக்கம். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும், முதல் சில மீட்டர்களில்தான் அதை அடிக்கடி செய்ய வேண்டும் என்பதை அவர் விரைவிலேயே பிடித்துக்கொண்டார்.

பாடத்திலும் அவருக்குச் சிக்கல் வரவில்லை. வீடியோக்களும் தேர்வுத் தாளும் ஆங்கிலத்தில் இருந்தன. இரவில் மருமகள் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுத்தார். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்றதும், "பத்து மீட்டர் ஹெட்டுக்கு ஒரு கிலோ பிரஷர், அவ்வளவுதானே?" என்றார். ஹெட் என்பது நீரின் உயரம்; பம்ப் பொருத்தும்போது தினமும் போடும் கணக்கு. பட்டதாரிகள் திணறும் இடத்தை அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார்.

நடந்தது என்ன

குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு வெளியேற்றும் பயிற்சி. தலையைச் சற்று நிமிர்த்தி, மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கு வழியாக ஊதினால் கீழ்விளிம்பு வழியே தண்ணீர் வெளியேறும். மருமகள் ஓரிரு முயற்சிகளில் செய்துவிட்டார். மாமாவும் செய்தார், ஆனால் செய்த விதத்தைக் கூர்ந்து பார்த்தால் கோளாறு தெரிந்திருக்கும். தண்ணீர் உள்ளே வந்ததும் அவருடைய மூச்சுக்குமிழிகள் நின்றுவிடும். நெஞ்சு நிறையக் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு ஒரே ஊதலில் எல்லாவற்றையும் வெளியே தள்ளுவார். பட்டியலில் 'முடித்தார்' என்று குறி விழுந்தது.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. அடர்த்தியான மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டாமல் மயிரின்மேல் உட்கார்ந்ததால் உள்ளே இடைவிடாமல் தண்ணீர் கசிந்தது. மற்றவர்கள் ஒரு முறை செய்யும் பயிற்சியை அவர் அந்த நாள் முழுவதும் விருப்பமில்லாமல் செய்துகொண்டே இருந்தார். மூக்கடியில் எந்நேரமும் தண்ணீர் நிற்கும்போது மனம் பதற்றத்தின் விளிம்பிலேயே இருக்கும்.

அடுத்த நாள் ஆழமான பக்கம். ஏறக்குறைய மூன்று மீட்டர். மாஸ்க்கை முழுவதுமாகக் கழற்றி, சில மூச்சுகள் விட்டு, திரும்ப அணிந்து தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பயிற்றுநர் எதிரில் மண்டியிட்டிருந்தார்; நான் மாமாவுக்குப் பக்கவாட்டில் ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தேன். மாஸ்க்கைக் கழற்றினார். குமிழிகள் நின்றன. கண்களை இறுக மூடியிருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. மூக்கில் கொஞ்சம் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். உடல் ஒருமுறை குலுங்கியது. உடனே இரண்டு கால்களையும் மடக்கித் தரையை உதைத்தார். கிணற்றின் அடியிலிருந்து மேலே வருகிறவர் உதைக்கும் அதே உதை.

காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் அவருடைய ஜாக்கெட்டின் பட்டையைப் பிடித்துவிட்டேன். பயிற்றுநர் மறுபக்கம் பிடித்தார். மாமா இருந்த இடத்திலிருந்து அரை மீட்டர்கூட எழவில்லை. பயிற்றுநர், சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை அவர் வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வயிற்றின் மேல்பகுதியில் விரலால் தட்டினார். குமிழிகள் வெளியே வந்தன. அதன் பிறகே மூவரும் சேர்ந்து மெதுவாக எழுந்தோம். கரையில் உட்காரவைத்து, நெஞ்சு வலி, குரல் மாற்றம், கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல் என ஒவ்வொன்றாகக் கேட்டோம். எதுவும் இல்லை. அன்று மேற்கொண்டு அவரைத் தண்ணீரில் இறக்கவில்லை.

நான் கேட்டேன்: "அண்ணா, மேலே போக உதைத்தபோது மூச்சை விட்டீர்களா?"

"விடவில்லை சார். விட்டால் மேலே வந்து சேர மாட்டேன் என்று தோன்றியது."

இந்த ஆய்வின் மையம் இந்தப் பதில்தான்.

அதே பழக்கம், வேறு இயற்பியல்

கிணற்றில் அவர் நினைத்தது முழுக்கச் சரி. மேலே ஆறு லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு பத்து மீட்டர் ஆழம் போனால், அங்கே அது ஏறக்குறைய மூன்று லிட்டராகச் சுருங்கும். திரும்பி வரும்போது மறுபடி ஆறு லிட்டராக விரியும். இழுத்த காற்றுக்கு மேல் ஒரு துளியும் நுரையீரலில் சேராது. ஆகவே அடக்கி வைப்பதால் நுரையீரல் கிழியும் ஆபத்து இல்லை. வழியில் வெளியே விடுவதுதான் நட்டம்.

ரெகுலேட்டர் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. பத்து மீட்டரில் நுரையீரலை நிரப்பினால் அது இரண்டு மடங்கு அடர்த்தியான ஆறு லிட்டர். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் பன்னிரண்டு லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அந்த இடம் கிடையாது. நுண்ணறைகள் கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்தால், குமிழி மூளையை அடைய நேரம் ஆகாது. குளம்தானே, மூன்று மீட்டர்தானே என்று யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குளத்தில் மூன்று மீட்டரில் நிரப்பிய ஆறு லிட்டர், நீர்மட்டத்தில் எட்டு லிட்டராகும். நுரையீரல் கிழிய ஒரு மீட்டரைச் சற்று தாண்டிய ஆழமே போதும் என்பது முக்குளிப்பு மருத்துவத்தில் நன்கு அறியப்பட்டது.

இவை அனைத்தும் அவருக்குத் தெரியும். தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியாகவே பதில் எழுதியிருந்தார். "ஒருபோதும் மூச்சை அடக்காதீர்கள்" என்று பயிற்சியின் முதல் பாடமே சொல்கிறது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மூக்கில் தண்ணீர் பட்டவுடன் தொண்டையை மூடிப் பழகிய உடல், தேர்வுத் தாளைக் கேட்டு நடக்காது. மருமகளுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. ஆகவே புதியது நேராகப் பதிந்தது. மாமாவுக்குத் தைரியக் குறைவு இல்லை, உடல் வலுவுக்கும் குறைவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது நேரம். வார இறுதி நாட்களில் குளத்தை முடித்து அடுத்த வாரம் கடலுக்குப் போகும் அட்டவணையில் அந்த நேரம் இல்லை.

கூடுதல் ஈயமும் ஓயாத கால்களும்

நிகழ்வுக்குப் பின் பழைய காணொளிகளைத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்றும் தெளிவானது. தம் கட்டுகிறவர் எப்போதும் நிறைந்த நுரையீரலோடு இருப்பதால் மிதந்துகொண்டே இருப்பார். அவரைத் தரையில் மண்டியிட வைக்க இடுப்பில் ஈயக்கட்டியைக் கூட்டியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, அவ்வளவு ஈயம் அவருக்குத் தேவையே இல்லை. அதை ஈடுகட்ட ஜாக்கெட்டில் காற்றைக் கூட்ட வேண்டியிருந்தது. ஜாக்கெட்டில் காற்று எவ்வளவு அதிகமோ, ஆழம் சிறிது மாறினாலும் மிதப்பு அவ்வளவு அதிகமாக மாறும். மேலே ஏறுவார், காற்றை வெளியேற்றுவார், மூழ்குவார், மறுபடி ஏற்றுவார்.

கிணற்றில் நீந்துகிறவர் செங்குத்தாக நின்று தண்ணீரை மிதிப்பார். அகலம் குறைந்த இடத்தில் அதுதான் வசதி. ஃபின் என்னும் துடுப்பு மாட்டிய காலோடு செங்குத்தாக மிதித்தால் ஒவ்வொரு உதையும் மேலே தள்ளும். கூடுதல் ஈயம் கீழே இழுக்க, கால் மேலே தள்ள, அவர் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பிய காற்று மருமகளுக்கு நீடித்ததில் பாதி நேரம்தான் அவருக்கு நீடித்தது. மண்டியிட்டு உட்காரவைத்துச் சொல்லித்தரும் முறையில் இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. அதனாலேயே அந்த முறையை நான் எதிர்க்கிறேன். தரையில் உட்கார்ந்தவரின் காலுக்கடியில் உதைப்பதற்கு ஒரு தரை எப்போதும் தயாராக இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.

சைகையிலும் ஒரு குழப்பம் நேர்ந்தது. நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்துவார். நீருக்கடியில் அதற்கு மேலே போகலாம் என்று பொருள். ஓரிரு முறை சொன்னதில் அது சரியாகிவிட்டது.

பம்ப்செட் தொட்டியில்

மருமகள் குறித்த நாளில் குளப்பயிற்சியை முடித்தார். மாமாவின் பயிற்சியை நிறுத்திவைத்தோம். அவர் மனம் உடைந்துதான் போனார். "ஊரில் போய் என்ன சொல்வேன்?" என்று கேட்டார். பயிற்றுநர் சாக்கு எதுவும் சொல்லாமல் விஷயத்தை விளக்கி, வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு பயிற்சியைக் கொடுத்தார். மாஸ்க் இல்லாமல், மேல்முனை நீருக்கு வெளியே நிற்கும் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயை வாயில் வைத்து, முகத்தை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தி, வாயால் இழுத்து மூக்கால் விடுவது. தனியாகச் செய்யக் கூடாது, தம் கட்டிப் பார்க்கவே கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

அவர்கள் மாந்தோப்பின் பம்ப்செட் தொட்டி இடுப்பளவு ஆழம். மருமகள் ஊருக்கு வந்திருந்த ஒரு காலையில் நானும் போயிருந்தேன். மாமா தொட்டிக்குள் முழங்காலிட்டு முகத்தை அமிழ்த்தினார். தொடக்கத்தில் இரு விரல்களாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டே வாயால் சுவாசித்தார். பிறகு பிடியைத் தளர்த்தினார். உடனே தலை வெளியே வந்துவிட்டது. மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட, இருமினார்.

"மாமா, மூக்கை மறந்துவிடுங்கள், வாயை மட்டும் கவனியுங்கள்" என்றார் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த மருமகள்.

"தண்ணீர் ஏறும் மூக்கை எப்படிப் பாப்பா மறப்பது?"

மறக்க முடியாது என்பது உண்மை. மூக்குக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் அது அடங்கும். மூச்சை விடும்போது "ம்ம்ம்" என்று முனகச் சொன்னேன். முனகினால் மூக்கு வழியே காற்று சீராக வந்துகொண்டிருக்கும். தொண்டையை மூட முடியாது. முதலில் தொட்டிச் சுவரில் அந்த முனகல் விட்டுவிட்டு ஒலித்தது, பிறகு நீண்டது. மூக்கிலிருந்து சிறு குமிழிகள் கன்னத்தின் இருபுறமும் ஏறிவந்தன. விரல்கள் மூக்கை விட்டுவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டன. வெயில் ஏறும்வரை அதையே செய்தார். அடுத்தடுத்த வாரங்களில் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தினமும் செய்ததாகச் சொன்னார். மீசையை எடுக்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை. மூக்குக்கு நேர்கீழே ஒரு மெல்லிய கோடு அளவுக்கு அவரே மழித்துக்கொண்டு வந்தார். கசிவு பெருமளவு நின்றுவிட்டது.

திரும்ப ஓசூர் குளத்துக்கு வந்தபோது ஈயத்திலிருந்து தொடங்கினோம். ஜாக்கெட்டில் காற்று இல்லாமல், இயல்பான மூச்சோடு அசையாமல் நின்றால் கண் மட்டத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்க வேண்டும். அந்தச் சோதனையில் பாதிக்கும் மேற்பட்ட ஈயம் வெளியே வந்தது. குப்புறப் படுத்த நிலையில், தரையைத் தொடாமல், மூச்சை இழுத்தால் சற்று எழுந்தும் விட்டால் சற்று இறங்கியும் மிதக்கப் பழக்கினோம். மூச்சுக்கும் உடல் அசைவுக்கும் இடையே ஓரிரு நொடி தாமதம் உண்டு. அந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாமல்தான் புதியவர்கள் கையை வீசுவார்கள். அவர் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தார். மாஸ்க்கை அந்த மிதந்த நிலையிலேயே கழற்றினார். குமிழிகள் நிற்கவில்லை. எனக்கு அதைப் பார்த்ததில் இருந்த நிறைவு, பயிற்சி தரத் தொடங்கிய பிறகு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கடல்

ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி வழியாகப் புதுச்சேரிக்குப் போனோம். உப்பு நீரின் அடர்த்தி ஏறக்குறைய இரண்டரை விழுக்காடு அதிகம். ஆளும் கருவிகளுமாக நூறு கிலோ இருந்தால் இரண்டரை கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். சிலிண்டரில் 150 பார் செலவாகும்போது அதன் எடையும் சுமார் இரண்டு கிலோ குறையும். இரண்டையும் கணக்கிட்டு, மேலே வருவதற்கு முன் பாதுகாப்புக்காகக் கடைசியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது மிதந்துவிடாத அளவுக்கு ஈயத்தை வைத்தோம். தண்ணீர் கலங்கலாக இருந்தது. சில மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை. குளத்துத் தெளிவுக்குப் பழகிய மருமகள்தான் இங்கே தடுமாறி என் கையைப் பிடித்துக்கொண்டார். கலங்கல் நீரே கிணற்றுக்காரரின் இயல்பான இடம். அவர் நிதானமாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார். பாதி மாஸ்க் தண்ணீரை வெளியேற்றினார். முனகல் எனக்கு நன்றாகக் கேட்டது.

கடலிலிருந்து திரும்பும்போது எங்கள் மாவட்டத்தார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முக்குளித்தபின் விமானம் ஏறுவதற்கு முன், ஒரே முறை இறங்கியிருந்தால் பன்னிரண்டு மணி நேரமும் பலமுறை இறங்கியிருந்தால் பதினெட்டு மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 600 மீட்டரும் அதற்கு மேலுமான உயரத்துக்குரிய அறிவுரை இது. கிருஷ்ணகிரி நகரம் ஏறக்குறைய 500 மீட்டரில் இருக்கிறது. ஓசூர் அந்த அளவை நன்றாகவே தாண்டிவிடுகிறது. விமானம் ஏறாவிட்டாலும், கடலிலிருந்து வெளியேறிய மாலையே காரில் ஓசூருக்கோ பெங்களூருக்கோ ஏறுவது ஆழத்தில் சுவாசித்தபோது உடலில் கரைந்து, வெளியழுத்தம் குறைந்தால் குமிழியாகக்கூடிய நைட்ரஜனைப் பொறுத்தவரை உயரம் ஏறுவதுதான். மருமகள் மறுநாள் பிற்பகல்வரை புதுச்சேரியிலேயே தங்கினார்.

தேவையான நான்கு கடல் இறக்கங்களில் இரண்டை மாமா முடித்திருக்கிறார். அதற்குள் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதால் மீதி இரண்டு தள்ளிப்போனது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு முடிப்பார். ஆழத்திலிருந்து ஒரே மூச்சை விட்டுக்கொண்டே மேலே வரும் அவசர எழுச்சிப் பயிற்சி இன்னும் பாக்கி. பழைய பழக்கம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும். அதற்கு முன் குளத்தில் கிடைவாக்கில் அதைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கத் திட்டமிட்டிருக்கிறோம்.

அவர் எதற்காக வந்தார் என்பதையும் விட்டுவிட முடியாது. சான்றிதழ் கிடைத்தால் சிலிண்டரோடு கிணற்றில் இறங்கலாமா என்று கேட்டார். கூடாது என்றுதான் சொன்னோம். இந்தப் பயிற்சி, துணையோடு, பதினெட்டு மீட்டருக்குள், பயின்ற சூழலைப் போன்ற நீரில் இறங்குவதற்கானது. கிணற்றில் கயிறும் குழாயும் மின்கம்பியும் சிக்கும். அடிச்சேறு கலங்கினால் கை தெரியாது. பாழ்கிணற்றில் நீர்மட்டத்துக்கு மேலேயே நச்சுக்காற்று தேங்கி நிற்கும். மீட்புப் பணிக்கான முக்குளிப்பு தனியாகக் கற்க வேண்டிய தொழில். அதைத் தீயணைப்பு மீட்புப் பணித் துறையோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். அவர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தத் துறையில் தன்னார்வலராகச் சேர யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். கிருஷ்ணகிரி நிலையத்துக்கு அவரோடு நானும் போவதாக இருக்கிறேன்.

பயிற்சி மையத்தின் சேர்க்கைப் படிவத்தில் இப்போது ஒரு கேள்வி கூடியிருக்கிறது: நீச்சலை எங்கே கற்றீர்கள்? கிணறு என்று எழுதுகிறவர் யாராக இருந்தாலும், சிலிண்டரை முதுகில் ஏற்றுவதற்கு முன் மாஸ்க் இல்லாமல் ஸ்நார்க்கலில் சுவாசிக்கவைத்து, குமிழிகள் நிற்கின்றனவா என்று பார்க்கிறோம். நின்றால், அவருக்கான அட்டவணையை அன்றே மாற்றிவிடுகிறோம்.